அரையாண்டு விடுமுறைக்குப் பின் எழுதிய மூன்று வரிகள்

மல்லிகாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. நான்கு நாட்களாக என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. உன் அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள், "பொண்ணு அப்படி என்னதான் எழுதியிருக்கா?" என்று. பள்ளிக்கூட விஷயம் என்று சொல்லிவைத்தேன். அது பொய் இல்லை. அசோக் நகர் பள்ளியில் உனக்கு இது முதல் வருடம். அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு, மீதி இருக்கும் மாதங்களில் வகுப்பில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறாய். கடைசி வரிசைப் பிள்ளைகளை வாரத்துக்கு ஒரு நாள் முன்னால் உட்கார வைப்பது, தண்ணீர்ப் பானையை ஜன்னலோரம் நகர்த்துவது, தினமும் பத்து நிமிடம் கதை. எல்லாம் நல்லதுதான். கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். "என் வகுப்பில் யாரையும் பெயில் போட்டு நிறுத்தி வைக்க மாட்டேன். நாலாம் கிளாசில் பெரிய சார் எனக்குச் செய்ததை நான் ஒரு பிள்ளைக்கும் செய்ய மாட்டேன்." அதற்குக் கீழே, "நீங்களும் ஒரு ஜனவரியில் இப்படி எழுதி ஒட்டினீர்களே அப்பா, அதில் என்ன இருந்தது?" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால், பெரிய சாரைப் பற்றிய அந்த வரிக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும். அதற்குத்தான் நான்கு நாள் ஆயிற்று.

இப்போதெல்லாம் மத்தியானம் சாப்பிட்டதும் எனக்குக் கண் சொருகிவிடுகிறது. ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று வரும். பாதித் தூக்கத்தில், பாதி விழிப்பில், மயிலாப்பூர்ப் பள்ளியின் ஓட்டுக்கூரையும் அதன் கீழே நாற்பத்து நான்கு தலைகளும் தெரியும். முதலில் ஒரு குரல் மட்டும் எழும். மெல்லிய, கணீரென்ற குரல். ஒரு வரி சொல்லிவிட்டு அது நிற்கும். உடனே மற்ற நாற்பத்து மூன்று குரல்களும் அந்த வரியை வாங்கிக்கொண்டு மேலே போகும். அலை வந்து திரும்புகிற மாதிரி ஒரு தாளம். அதில் பாடம் எது, ராகம் எது என்று பிரிக்கவே முடியாது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டால், நானே அந்தச் சத்தத்தின் மேல் மிதந்து போவது போல இருக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த முதல் குரல் உன்னுடையது. உனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் என்னைச் சார் என்பாய், பள்ளி விட்டால் அப்பா என்பாய். ஒரு நாள்கூட மாற்றிச் சொன்னதில்லை.

காலையில் சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் நீ பாடத்தைச் சொல்லிக்கொண்டே வருவாய். மார்கழிப் பனியில் ஜன்னல் கம்பி ஈரமாக இருக்கும். அதில் விரலை ஓட்டிக்கொண்டே சொல்வாய். கண்டக்டர் ஒருவர் உன்னைப் பார்த்தாலே சிரிப்பார். "இன்னா வாத்யாரே, பொண்ணு ரேடியோ கணக்கா வுடுதே! புஸ்தகமே வாணாம் போல கீதே!" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். அவர் சொன்னதில் என்ன இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் எப்படிப் படித்தேன் என்பது உனக்குத் தெரியும். அலுக்கும் அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் சீசாக்களுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. எந்தச் சீசாவுக்கு எந்த லேபிள் என்று கம்பவுண்டர் ஒரு தடவைதான் சொல்வார். தப்பாக ஒட்டினால் தலையில் குட்டுவார். குட்டுக்குப் பயந்து எழுத்துகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்துப் பார்த்துப் படிக்கக் கற்றேன். பிறகு தனியாகவே பரீட்சைகள் எழுதி, வாத்தியார் வேலைக்கு வந்தேன். ஆசிரியர் அறையில் என் முதுகுக்குப் பின்னால் 'லேபிள் வாத்தியார்' என்று சொல்வார்கள். சொன்னவர்களில் பாதிப் பேருக்கு நான் தவறில்லாமல் எழுதுவது போல எழுத வராது. இருந்தும், முதல் உதவியாசிரியர் இடம் காலியானபோது, தலைமையாசிரியராக இருந்த பெரிய சார் என்னை விட்டுவிட்டு, என்னைவிட நான்கு வருடம் பின்னால் வந்தவருக்குக் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவரைப் பற்றி ஏதாவது கசப்பாகச் சொல்லாமல் நான் எழுந்ததில்லை. அதையெல்லாம் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் நீ.

அந்த டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம், ஏழுமலையை எழுப்பி, மழையைப் பற்றிய பாடத்தில் நடுவிலிருந்து நான்கு வரி படிக்கச் சொன்னேன். பள்ளி முனையில் கீரை விற்கிற அம்மாவின் மகன், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பாடத்தின் முதல் வரியிலிருந்து உதட்டுக்குள்ளேயே வேகமாக ஓட ஆரம்பித்தான். ஓடி வந்து, நான் காட்டிய இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து குரலை உயர்த்தினான். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அவன் கண் மட்டும் புத்தகத்தில் இல்லை. வேறொரு பையனைக் கூப்பிட்டேன். அவனும் அப்படியே முதலிலிருந்து ஓடி வந்தான். அன்று சாயங்காலத்துக்குள் இருபது பேரைக் கூப்பிட்டேன். பதினாறு பேர் ஓடி வந்தார்கள். ஆறு மாதமாக நான் கண்ணை மூடி ரசித்த அந்தச் சத்தத்துக்குள் அத்தனை பேரும் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவன் சொல்வதை இன்னொருவன் சொல்லி, எழுத்தையே பார்க்காமல் அரை வருடம் போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை நான் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், தினசரிக் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி, கரும்பலகைக்குப் பக்கத்தில் பசை தடவி ஒட்டினேன். நீ கேட்டது இதைத்தான். இனி இந்த வகுப்பில் கூட்டமாகச் சேர்ந்து படிப்பது கிடையாது. முழுப் பரீட்சைக்குள் ஒவ்வொரு பிள்ளையும் முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். தானாகப் படிக்க வராத பிள்ளைக்குத் தேர்ச்சி போட மாட்டேன். அவ்வளவுதான். பெரிய சார் வாசலில் நின்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "என்ன ஓய், ஜனவரி பொறந்ததும் பஞ்சாங்கம் எழுத ஆரம்பிச்சுட்டீரா? பாதி வருஷம் போயாச்சு. இருக்கறதை ஓட்டிண்டு போகாம கோஷ்டியை வேற நிறுத்தறேங்கறீரே. அதைக் கேட்டுத்தான் நாலு பேர் பிள்ளைகளை இங்க கொண்டுவந்து சேர்க்கறா" என்றார். "சத்தம் படிப்பாகாது சார்" என்றேன். "முதல் ரெண்டு வரி சரி. மூணாவது வரி எதுக்கு? பிள்ளைகளைப் பயமுறுத்தவா, உம்மை நீரே கட்டிப் போட்டுக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதர் எதைச் சொன்னாலும் எனக்கு அதில் குத்தல்தான் தெரியும். மூன்றாவது வரியின் மேல் இன்னொரு முறை மையை ஓட்டி, எழுத்தைத் தடிமனாக்கினேன்.

அதற்குப் பிறகு வந்த ஜனவரியும் பிப்ரவரியும் என் வாழ்க்கையிலேயே அழகான மாதங்கள். இவ்வளவு நடந்த பிறகும் அப்படித்தான் சொல்வேன். கூட்டப்பாட்டு நின்ற முதல் நாள், பக்கத்து மாவு மெஷின் ஓடுகிற சத்தம் முதல் முறையாக வகுப்புக்குள் கேட்டது. ஓட்டின் மேல் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. வெயில் ஓட்டுச் சந்து வழியாக இறங்கி, தூசியில் கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையின் தலை மேலும் தங்கித் தங்கி நகர்ந்து போகும். நான் பழைய மருந்து லேபிள்கள், சோப்பு உறைகள், சினிமா நோட்டீஸ்கள் எல்லாம் கொண்டுவந்து மேசையில் பரப்பிவிடுவேன். யாரும் மனப்பாடம் செய்ய முடியாத காகிதங்கள். ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகக் கூட்டுவார்கள். 'வயிற்றுவலி' என்ற சொல்லை ஒரு பையன் கால் மணி நேரம் போராடிப் படித்து முடித்ததும், தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னமும் என் மத்தியானத் தூக்கத்தில் வருகிறது.

அந்த இரண்டு மாதமும் நீ என்ன செய்தாய்? கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் பேசாமல் பார்த்துக்கொண்டாய். நான்தான் அந்த வேலையைக் கொடுத்தேன். நாற்பத்து மூன்று பேரை மேசைக்குக் கூப்பிட்டேன். ஒரே ஒருத்தியைக் கூப்பிடவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தவள், திடீரென்று தலையைத் தூக்கி, "அப்பா, நான் எப்ப லேபிள் படிக்கணும்?" என்று கேட்டாய். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றேன். மறுபடி தோளில் சாய்ந்துகொண்டாய். நீ கேட்டது என்ன என்று எனக்கு இப்போது தெரிகிறது. பயந்துபோன ஒரு குழந்தை தன்னால் முடிந்த அளவுக்கு வாயைத் திறந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகக் கற்றேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், என் மகளுக்கும் அது தானாகவே வந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். வீட்டில் ஒரு நாள்கூட உன்னை மடியில் உட்கார வைத்து ஒரு எழுத்தைக் காட்டியதில்லை.

முழுப் பரீட்சையில் வாய்விட்டுப் படிப்பதை மட்டும் பெரிய சாரும் கூட உட்கார்ந்து கேட்டார். மற்ற பிள்ளைகள் தட்டுத்தடுமாறியாவது படித்துவிட்டார்கள். ஏழுமலைக்கு மட்டும் வரவில்லை. கடைசியில் நீ வந்தாய். பெரிய சார் தன் மேசை மேல் கிடந்த ஒரு நோட்டீஸை எடுத்து உன் கையில் கொடுத்தார். நீ அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, மழையைப் பற்றிய பாடத்தை முதல் வரியிலிருந்து கணீரென்று சொல்ல ஆரம்பித்தாய். பாடம் முடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. அது புடவைக் கடை நோட்டீஸ், மல்லிகா. முடித்துவிட்டு நீ என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாய். "பேஷ்! போய் விளையாடு, போ" என்றார். நீ ஓடியதும் என் பக்கம் திரும்பி, "குழந்தை பயந்துடுத்து ஓய். நாளைக்கே வாசிச்சுடுவா. பாஸ் போடும்" என்றார். நான் போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஆமாம், அந்தத் தாளில் உன் பெயருக்கு எதிரே முதலில் இருந்த சொல் தேர்ச்சிதான்.

அன்று சாயங்காலம் நீ முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர்களோடு பஸ் ஏறிப் போய்விட்டாய். நான் தனியாக வந்தேன். முனையில் ஏழுமலையின் அம்மா கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "நம்ம புள்ள இன்னா ஆச்சு வாத்யாரே?" என்று கேட்டாள். இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும், எழுத்து கூடவில்லை என்றேன். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "எனக்கு மட்டும் கூடுச்சா இன்னா? வுடு" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உன் பொண்ணு பாஸுதானே? அது சொல்றது இங்க வரைக்கும் கேக்கும். வூட்ல வந்து எம் புள்ள அது மாதிரியே சொல்லிக்கினு இருப்பான். நல்லா இருக்கட்டும்" என்று ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து நீட்டினாள். என்னால் அதை வாங்க முடியவில்லை. திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

பெரிய சார் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். தாளைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். எதற்கென்று சொன்னதும், "பைத்தியமா ஓய் உமக்கு? நீர் பெத்த பொண்ணு" என்றார்.

"ஏழுமலையும் ஒருத்தி பெத்த புள்ளதான் சார்."

"அப்ப அவனுக்கும் பாஸ் போடும். யார் வேண்டாம்னா?"

"மூணாவது வரி எழுதி ஒட்டியாச்சு சார்."

"எழுதினது நீர்தானே? அதை அடியும்."

"அடிக்க மாட்டேன்" என்றேன். அந்த வரியை நான் அடிக்கவில்லை. உன் பெயருக்கு எதிரே இருந்த சொல்லைத்தான் என் பேனாவால் அடித்தேன்.

அவர் வெகுநேரம் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். அப்புறம், "நாளைக்கு ரிசல்ட்டை நான் வாசிக்கறேன். இது நான் போட்டதாவே இருக்கட்டும். நீர் போட்டதுன்னு தெரிய வேண்டாம். குழந்தை உம்ம ஆத்துலதான் சாப்பிட்டாகணும் ஓய். என் மேல கோவம்னா ஸ்கூல் விட்டதும் மறந்துடுவா" என்றார்.

நீ மறக்கவில்லை. நானும் மறக்க விடவில்லை. மறுநாள் நீ அழுதுகொண்டு வந்தபோது, "பெரிய சார் போட்டுட்டார்மா, நான் என்ன பண்றது?" என்று உன் அம்மாவின் முன்னாலேயே சொன்னேன். அவள் அவரைத் திட்டியபோது நானும் சேர்ந்துகொண்டேன். எனக்கு அவர் மேல் வேறு கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு உன் அழுகை துணைக்குக் கிடைத்தது. இதைத்தான் எழுதக் கை வராமல் நான்கு நாள் இருந்தேன். அவர் என்னைக் காப்பாற்றச் சொன்ன ஒரு வார்த்தையை, அவரை ஏசுவதற்கு வருடக்கணக்காக வைத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். அடுத்த வருடம் முழுக்க, சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் உன்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மேசைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, தனக்கு வந்த தபால்களையெல்லாம் படிக்கச் சொல்வார் என்று. மற்ற பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள் என்று. அவமானப்படுத்துவதற்காகவே செய்தார் என்று. இல்லை அம்மா. உனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்த வருடமும் நீ என் வகுப்பில்தான் இருந்தாய். உன்னை மேசைக்குக் கூப்பிட அப்போதும் எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டால், லேபிள் வாத்தியாரின் பெண்ணுக்கே எழுத்து தெரியாது என்று ஆசிரியர் அறையில் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அவர் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தார். ஒரு நாள் அந்த ஜன்னலோரமாகப் போனபோது உன் குரல் கேட்டது. கணீரென்று இல்லை. திக்கித் திக்கி, எழுத்துக்கு எழுத்து நின்று, ஒரு மாமா ஊருக்கு வரும் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தாய். அவர் கண்ணை மூடாமல், குனிந்து உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரமாக நின்று கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டேன். அன்றே போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. ஒப்பிப்பதைப் படிப்பு என்று ஏற்றுக்கொள்ள இன்றும் என்னால் முடியாது. படிக்கத் தெரியாத பிள்ளையை மேலே தள்ளிவிட்டால், அடுத்த வாத்தியார் அதைத் தூக்கிச் சுமக்க மாட்டார்; அந்தப் பிள்ளை காலம் முழுக்க ஏதாவது ஒரு கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேதான் இருக்கும். உன் கடைசி வரியோடு எனக்குச் சண்டைதான். ஆனால் என் மூன்றாவது வரி என்னுடைய வேலையைப் பற்றியது அல்ல. நான் வேலையைச் செய்யாமல் விட்டால் பிள்ளைக்குக் கிடைக்கப்போகிற தண்டனையைப் பற்றியது. உனக்கும் ஏழுமலைக்கும் அந்த ஏப்ரலும் மேயும் இருந்தன. இரண்டு பேரையும் வீட்டில் உட்கார வைத்து, தினமும் ஒரு மணி நேரம் எழுத்துக் கூட்டியிருந்தால் ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருப்பீர்கள். அந்த விடுமுறை முழுவதும் நான் கவலையில்லாமல் தூங்கினேன். இன்று உன் வகுப்பில் எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க உனக்கு இன்னும் முழுதாக மூன்று மாதம் இருக்கிறது. நன்றாகப் படிக்கிறாள் என்று நீ நினைக்கிற பெண்ணை முதலில் கூப்பிடு.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பாய். நீ இப்போது உன் சம்பளத்தில், உன் அறையில் சாப்பிடுகிறாய். என் மேல் கோபம் வந்தாலும் என் வீட்டுத் தட்டின் முன்னால் உட்கார வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. அவர் எனக்காக ஏற்படுத்தித் தந்த அந்த மறைப்பு இனிமேல் தேவையில்லை.

பெரிய சார் மந்தைவெளியில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன், ரொம்பத் தளர்ந்துவிட்டார். உன்னைப் பற்றி அவர்தான் கேட்டார். நீ வாத்தியார் ஆகிவிட்டாய் என்றதும், என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. முதல் உதவியாசிரியர் விஷயத்தில் அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அது எங்கள் இரண்டு பேரோடு போகட்டும். நீ இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் போய்ப் பார். நான் கூட வரவில்லை. நான் பக்கத்தில் இருந்தால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். உனக்குப் பெயில் போட்டது யார் என்று நீ அவரிடம் கேள். "நான்தான் போட்டேன்" என்று சொல்வார். நம்பாதே.

உன் அப்பா